கிரெடிட்டுக்காகப் பள்ளியில் மழைநீர் அமைப்பு: ஒரே செமஸ்டரில் முடியுமா?

கேள்வி: சிவில்_ஆறாம்செம்

வணக்கம். எங்கள் துறையில் இந்த ஜனவரி செமஸ்டரிலிருந்து சமூகப் பணி வடிவமைப்புத் திட்டத்துக்கு 2 கிரெடிட் உண்டு. குழுவில் ஆறு பேர்: சிவில் நால்வர், மெக்கானிக்கல் இருவர். வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியைத் தேர்ந்திருக்கிறோம். 120 பிள்ளைகள். கான்கிரீட் கூரை, 18 மீ. நீளம், 7 மீ. அகலம், மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்தது. நான்கு வடிதுளைகள். பக்கத்தில் பெரிய வேப்பமரம்.

எங்கள் திட்டம்: மூன்று துளைகளை அடைத்துவிட்டு, நான்காவதிலிருந்து ஒரு 4 அங்குல பிவிசி குழாய். முதல் மழையின் அழுக்கு நீரைப் பிடிக்க 1.5 மீ. நீளத்தில் மூடிய குழாய். பிறகு 200 லிட்டர் டிரம்மில் மணல், ஜல்லி வடிகட்டி. கடைசியில் 2,000 லிட்டர் டேங்க். பிள்ளைகள் குடிக்கவும் கை கழுவவும் அந்தத் தண்ணீர். ஏப்ரலுக்குள் முடித்து ஒப்படைக்க வேண்டும். எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வழிகாட்டி_ஆசிரியர்

முதல் சிக்கல் குழாயில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வேலூரில் மழை அநேகமாக இல்லை. அமைப்பு வேலை செய்கிறதா என்று தெரியாமலேயே மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். ஆடி, ஆவணியில் முதல் பெரிய மழை கொட்டும்போது பள்ளியில் உங்கள் குழு இருக்காது, ஒழுகுகிற குழாய்தான் இருக்கும்.

ஆகவே இரண்டு செமஸ்டராகப் பிரியுங்கள். இந்த செமஸ்டரில் அளவெடுப்பு, தேவை கேட்டறிதல், வடிவமைப்பு, ஒரு குழாயில் மட்டும் மாதிரி. பொருத்துவது மே விடுமுறையில், பிள்ளைகள் இல்லாதபோது. அடுத்த செமஸ்டரில், ஜூலையிலிருந்து நவம்பர் வரை, உண்மையான மழையில் சோதனை, திருத்தம், ஒப்படைப்பு. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய எபிக்ஸ் திட்டம் இந்த முறையில்தான் நடக்கிறது. மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1 அல்லது 2 கிரெடிட். ஆனால் திட்டம் பல செமஸ்டர் ஓடும். பெரியவர்கள் முடித்துப் போகும்போது இளையவர்கள் ஏற்கெனவே குழுவுக்குள் இருப்பார்கள். ஒப்படைத்த பிறகு பராமரிப்பதும் அவர்களுடைய வடிவமைப்புப் படிகளில் ஒன்று. நீங்களும் இப்போதே நான்காம் செமஸ்டர் மாணவர் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்கணக்கு: ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வரையறையில் வாரம் 2 மணிநேரச் செய்முறைக்கு 1 கிரெடிட். 15 வாரம் என்றால் உங்கள் 2 கிரெடிட்டுக்கு ஆளுக்கு 60 மணிநேரம். கணியம்பாடிக்குப் பேருந்தில் போய் வரும் நேரம் இதில் சேருமா என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாடத்துக்கு வெளியே செய்யும் பணிகளுக்குத் தரும், பட்டத்துக்கு வேண்டிய 100 ஆக்டிவிட்டி பாயின்ட் தனிக் கணக்கு, சிஜிபிஏவில் சேராது. ஒரே மணிநேரத்தை இரண்டு இடத்திலும் காட்டாதீர்கள்.

பதில் 2: குழாய்_கணக்கு

எண்களைப் பார்ப்போம். கூரை 126 சதுர மீட்டர். 1 மி.மீ. மழை பெய்தால் 126 லிட்டர். தூசியும் பறவை எச்சமும் போக முதல் 1 முதல் 2 மி.மீ. மழையை வெளியே தள்ள வேண்டும். 4 அங்குலக் குழாய் மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர்தான் கொள்ளும். உங்கள் 1.5 மீட்டரில் நிற்பது 12 லிட்டர், அதாவது 0.1 மி.மீ. மழை. வேப்பிலைச் சாறு முழுக்க டேங்குக்குப் போகும். குழாயிலேயே பிடிக்க வேண்டுமென்றால் 16 மீட்டர் நீளம் வேண்டும். அதற்குப் பதில் 200 லிட்டர் டிரம்மையே முதல்நீர்த் தொட்டியாக வையுங்கள்.

டிரம்மில் எல்லாரும் சறுக்கும் இடம் மூடி. டிரம் நிறைந்தால்தான் தண்ணீர் 'டீ' (மூன்று வாயுள்ள குழாய் இணைப்பு) வழியாக டேங்குக்குத் திரும்பும். மூடி இறுக்கமாக இல்லையென்றால் நீர் மூடி வழியே வழிந்துகொண்டே இருக்கும், டேங்குக்கு ஒரு சொட்டும் வராது. ரப்பர் வாஷரும் இரும்பு வளையப் பூட்டும் உள்ள டிரம்மாக வாங்குங்கள். ரசாயனம் இருந்த பழைய டிரம் வேண்டவே வேண்டாம்.

டிரம் தானாகக் காலியாக அடியில் 3 மி.மீ. துளையுள்ள மூடி போடுங்கள். 200 லிட்டர் ஆறேழு மணிநேரத்தில் வடிந்துவிடும். 2 மி.மீ. போட்டால் வேப்பங்காம்பு ஒன்றே அடைத்துவிடும். பக்கத்திலேயே ஒன்றேகால் அங்குல பால் வால்வு ஒன்று, வண்டலைத் திறந்துவிட.

ஆண்டு மழையைச் சுமார் 950 மி.மீ. என்று வைத்து, வீணாவது போக 0.8 மடங்கு எடுத்தால் ஆண்டுக்கு 95,000 லிட்டர் வரும். உங்கள் டேங்கோ ஒரே 20 மி.மீ. மழையில் நிறைந்துவிடும். மீதி எங்கே போகும் என்பதுதான் வடிவமைப்பின் பாதி. டேங்கில் கம்பெனி வைத்துத் தரும் 1 அங்குல வழிவு வாய் போதாது. உள்ளே வரும் குழாய் எவ்வளவோ, வெளியே போவதும் அவ்வளவு இருக்க வேண்டும்.

சிவில்_ஆறாம்செம்

மிக்க நன்றி சார். டிரம் முதல்நீருக்குப் போனால் மணல் வடிகட்டிக்கு இன்னொரு 200 லிட்டர் டிரம் வைக்கலாமா? எம்சாண்ட்தான் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) எளிதாகக் கிடைக்கிறது.

பதில் 3: சாரம்

வேண்டாம். டிரம்மின் குறுக்குப் பரப்பு கால் சதுர மீட்டர். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்தால் உங்கள் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 126 லிட்டர் வரும். அந்தப் பரப்பில் அது மணிக்கு 30 மீட்டர் வேகம். வேக மணல் வடிகட்டிகளையே மணிக்கு 5 முதல் 10 மீட்டருக்குத்தான் வடிவமைப்பார்கள். பத்து நிமிடத்தில் டிரம் பொங்கி வழியும். அதோடு எம்சாண்டில் கல்தூள் இருக்கும். பல தடவை கழுவாமல் போட்டால் முதல் மாதம் முழுக்கக் கலங்கலாகவே வரும். கை கழுவும் தண்ணீருக்குத் துளை வாயில் இலைவலை, முதல்நீர் டிரம், டேங்க் வாயில் நுண்வலை போதும். டேங்கின் வழிவு வாயிலும் காற்றுத் துளையிலும் கொசுவலை கட்டாயம். டெங்குக் கொசு உற்பத்தியாகும் இடமாக உங்கள் டேங்க் ஆகிவிடக் கூடாது.

முந்தைய பதிலில் ஒரு திருத்தம். ஒரே 4 அங்குலக் குழாய் இந்தக் கூரைக்குப் போதாது. கனமழையில் இவ்வளவு பரப்பின் நீரை அது தாங்காது. இரண்டு குழாய் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் 100 லிட்டர் டிரம் ஒன்று வையுங்கள். அதே 3 மி.மீ. துளையில் மூன்றரை மணிநேரத்தில் காலியாகும்.

மூன்று துளைகளை அடைக்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். இலை அடைத்து கூரையில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 12 டன்னுக்கு மேல் எடை, கீழே வகுப்பறை. குழாய் இறக்காத இரண்டு துளைகளின் வாயிலும் ஒரு அங்குல உயரத்துக்கு சிமென்ட் வரம்பு மட்டும் கட்டினால் போதும். சாதாரண மழை குழாய்க்குப் போகும், அடைத்துக்கொண்டால் வரம்பைத் தாண்டி வெளியே போகும். தட்டோட்டை எங்கேயும் கொத்தாதீர்கள். கொத்திய இடத்தில் அடுத்த ஆண்டு ஒழுகும், பழி உங்கள் கல்லூரிக்கு வரும்.

டேங்க் மேடை: நிறைந்தால் 2 டன். 1.5 மீட்டர் சதுரம், கெட்டி மண் வரும்வரை தோண்டி அடித்தளம், பள்ளிச் சுவரோடு சேர்க்காமல் தனியாக. நிரப்பிய மண்ணில் கட்டினால் முதல் மழைக்கே சாயும். குழாய் வாய் தரையிலிருந்து 50 முதல் 55 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும். மட்டம் பார்க்க டியூப் லெவல் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) போதும். கூரை ஓர வேலையையும் மேடை வேலையையும் ஊர் மேஸ்திரி, பிளம்பரிடம் விடுங்கள்; பின்னால் ரிப்பேர் பார்க்கப் போவதும் அவர்கள்தான். அமிர்தி காட்டுப் பக்கம் என்றால் குரங்கு தொங்கும், கிளாம்ப் மீட்டருக்கு ஒன்று இரும்பில் போடுங்கள். வெயில்படும் பிவிசிக்கு வெளிர்நிற பெயின்ட் அடியுங்கள், இல்லையேல் நொறுங்கும்.

பதில் 4: பாலாற்றங்கரை

குடிக்க என்பதை எடுத்துவிடுங்கள். மழைநீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) இயல்பிலேயே குறைவு. மீட்டரில் 40 காட்டியதும் 'குடிக்கலாம்' என்று அறிக்கையில் எழுதுவது பெரிய தவறு. பறவை எச்சத்தின் கிருமியை அந்த மீட்டர் காட்டாது. எச்2எஸ் குப்பியில் (கிருமி இருந்தால் நீர் கறுக்கும் சோதனைக் குப்பி) மாதிரி எடுத்து அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக் கிருமி இருக்கக்கூடும். கறுக்காவிட்டாலும் கை கழுவ, கழிவறைக்கு மட்டும் என்று குழாய்க்கு மேலே தமிழில், படத்தோடு எழுதி ஒட்டுங்கள். பிள்ளைக்கு 2 லிட்டர் என்றால் நாளுக்கு 240 லிட்டர். நிறைந்த டேங்க் எட்டு பள்ளி நாள் வரும். ஆகவே போர்வெல் இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

வழிவு நீரை போர்வெல்லுக்குள் நேராக விடாதீர்கள், அழுக்கு அப்படியே நிலத்தடிக்குப் போகும். சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி ஊறுகுழி வெட்டி, அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே முக்கால் அங்குல ஜல்லி போடுங்கள். வெட்டுமுன் 30 செ.மீ. ஆழத்தில் சிறு குழி தோண்டி இருமுறை நீர் நிரப்பி வற்றவிடுங்கள். மூன்றாம் முறை மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று அளந்து அதற்கேற்பக் குழியின் அளவைத் தீர்மானியுங்கள். நம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும் இடங்கள் உண்டு. பாறை மேல் குழி வெட்டினால் அது குட்டைதான்.

அனுமதி: தலைமையாசிரியர் சரி என்றது போதாது. ஒன்றியப் பள்ளி என்றால் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கடிதம், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல். ஜனவரி 26, மார்ச் 22 இரண்டும் கிராம சபை நாட்கள், இரண்டும் உங்கள் செமஸ்டருக்குள் வருகின்றன. முதலாவதில் தேவையைக் கேளுங்கள், இரண்டாவதில் வரைபடத்தைக் காட்டுங்கள். பள்ளியைத் துப்புரவு செய்யும் அம்மாவிடம் முதலில் பேசுங்கள். வாரம் ஒருமுறை வலையைத் தட்டிச் சுத்தம் செய்யப் போகிறவர் அவர்தான். அவர் ஏணி ஏறாமல் தரையிலிருந்தே கழற்றும்படி வலை இருக்க வேண்டும்.

சிவில்_ஆறாம்செம்

வலையை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவர, குழாய் இறங்கும் இடத்திலேயே ஒரு திறப்பு வைத்தால் சரியா? மழை இல்லாமல் மாதிரியை எப்படிச் சோதிப்பது?

பதில் 2: குழாய்_கணக்கு

சரிதான். 'டீ'க்கு மேலே ஒரு அடி இடம் விட்டு, சரிவாக இழுத்து எடுக்கிற மாதிரி வலைத்தட்டு வையுங்கள். துளை 5 மி.மீ., நேராக இல்லாமல் 45 பாகைச் சாய்வில், இலை தானே வழுக்கி வெளியே விழும்.

சோதனைக்கு: பள்ளி மோட்டாரிலிருந்து ஹோஸை கூரைக்கு ஏற்றுங்கள். ஒரு 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று முதலில் அளந்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று குறியுங்கள். வேப்பிலையும் ஒரு சட்டி மண்ணும் கூரையில் தூவி, தண்ணீரைத் திறந்து, டிரம் நிறையும் நேரம், 'டீ' திரும்பும் நேரம், டேங்குக்கு வரும் முதல் நீரின் கலங்கல், மூன்றையும் எழுதுங்கள். வீட்டு மோட்டார் அளவில் நிமிடத்துக்கு 30, 40 லிட்டர்தான் வரும். கனமழையின் வேகத்தை இது காட்டாது என்று அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். அந்தச் சோதனை ஐப்பசி மழைக்குக் காத்திருக்கட்டும்.