சீசர் வந்தானா, வந்ததா? 'ஆறறிவு விலங்கு' பற்றிய கலைச்சொல் விவாதம்

அன்புள்ள குழுவினருக்கு,

மனிதரைப் போல் சிந்தித்துப் பேசும் விலங்குக்கு நம் கலைச்சொல் அகராதியில் ஒரு சொல் வேண்டும் என்று நம் குழுவின் சேலத்து அம்மையார் கேட்டிருந்தார். இதுவரை வந்த 'மனிதக் குரங்கு', 'அறிவுக் குரங்கு' இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. முதலாவது சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே வழங்கும் பெயர். பேசாவிட்டாலும் அவை மனிதக் குரங்குகளே. இரண்டாவது, மற்றக் குரங்குகளுக்கு அறிவே இல்லை என்று சொல்லிவிடுகிறது. ஏற்காட்டு மலைப்பாதைக் குரங்குகளைப் பார்த்தவர் யாரும் அதை ஏற்கமாட்டார். தடுப்புச் சுவரில் ஒரு மந்தி தட்டுவடைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, கன்னப்பைகளில் அவசர அவசரமாக அடைக்கிறது. பெரிய கடுவன் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்ததும் பொட்டலத்தைப் போட்டுவிட்டு விலகுகிறது. அதிகாரம் அங்கேயும் இருக்கிறது.

ஆனால், 2011-இல் வந்த 'ரைஸ் ஆஃப் த பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தின் தொடர்ச்சியாக 2014-இல் வந்த 'டான் ஆஃப் த பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் கோபா என்ற பேசும் குரங்கு செய்வது வேறு. குரங்குக் கூட்டத்தின் தலைவன் சீசரைத் தானே சுட்டுவிட்டு, பழியை மனிதர்கள்மேல் போட்டு, கூட்டத்தையே போருக்கு இழுத்துச் செல்கிறது. இப்படிச் சூழ்ச்சி செய்ய மனம் வேண்டும்.

தொல்காப்பிய மரபியல் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்று தொடங்கி, ஆறாவது அறிவு மனம் என்கிறது. 'ஒருசார் விலங்கும் உளவென மொழிப' என்ற நூற்பாவின் உரையில் இளம்பூரணர் கிளி, யானையோடு குரங்கையும் ஆறறிவுயிர்களில் சேர்க்கிறார். எத்தனை துணிவான உரை! ஆகவே 'ஆறறிவு விலங்கு' என்பதே என் பரிந்துரை. நல்லவர், கெட்டவர் என்ற தீர்ப்பு அதில் இல்லை. சீசருக்கும் பொருந்தும், கோபாவுக்கும் பொருந்தும்.

ஏற்காட்டிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

சொல்லை மனமார ஏற்கிறேன். வினைமுற்றை என்ன செய்வது? தாங்களே 'கோபா இழுத்துச் செல்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு அஃறிணையில் நிறுத்தி வைப்பது நியாயமாகப் படவில்லை.

அந்தப் படத்தின் வசனத்தை மொழிபெயர்க்கும்போது திணை வேறுபாடே நமக்குக் கைகொடுக்கும். படத்தின் மனிதர்களில், சீசரை நம்பும் மால்கம் 'அவன்' என்று சொல்லட்டும். குரங்குகளை வெறும் விலங்குகளாக எண்ணும் டிரேஃபஸ் 'அது' என்று சொல்லட்டும். யார் யாரை மதிக்கிறார் என்பது விகுதியிலேயே விளங்கிவிடும். குரங்குகள் தங்களுக்குள் பேசும் இடங்களில் எப்போதும் உயர்திணைதான்.

எனவே அகராதிப் பதிவில் 'உயர்திணை முடிபு கொள்ளும்' என்ற குறிப்பும் சேரவேண்டும். பன்மைதான் இடறுகிறது. 'குரங்குகள் வந்தார்கள்' என்று எழுதக் கை கூசுகிறது. 'குரங்கினத்தார் வந்தனர்' என்று எழுதலாமா?

சேலத்திலிருந்து