கட்டையை உருட்டாமல் ஆடுவது தாயமா?

மொட்டைமாடி:
பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தோம், நான்கு குடும்பம், பதினாறு பேர். மாட்டுப் பொங்கலன்று சாப்பாடு முடிந்ததும் பரணிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையை இறக்கி, புளி போட்டுத் துலக்கி, திண்ணையில் சாக்பீஸால் கட்டம் வரைந்து, காயை வெட்ட முடியாத மலைக் கட்டங்களுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டு நிமிர்ந்தால், அக்கா பிள்ளைகள் மூன்று பேரும் மச்சானும் கூடத்தில் ஆளுக்கொரு போனோடு லூடோவில் இறங்கிவிட்டார்கள். ஒரே கூடம், நான்கு போன், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "மாமா, நீங்களும் வாங்க, கோடு சொல்றேன்" என்றான் பெரியவன். சாக்பீஸ் கோட்டைத்தான் சொல்கிறான் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன்.

நான் சொல்வது இதுதான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு போனில் தாயமோ லூடோவோ ஆடுவதை நான் ஆட்டம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன். வெட்டினால் எதிராளியின் காயைத் தட்டிவிட்டு அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். போன் தானே எண்ணுகிறது, தானே நகர்த்துகிறது, தானே "டொய்ங்" என்று கத்துகிறது. நமக்கு அங்கே என்ன வேலை? எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு வரை எண்ணக் கற்றதே தாயக்கட்டத்தில்தான். மறுப்பவர்கள் வரலாம்.

சோழிக்காரி:
மறுக்க வந்துவிட்டேன் அண்ணா. பதினாறு பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நான் தோகாவில், அண்ணன் ஓசூரில், அம்மாவும் அப்பாவும் மன்னார்குடியில். 2020 ஊரடங்கில்தான் எங்கள் வீட்டுக்குள் லூடோ கிங் வந்தது (அதை நவி மும்பைக்காரர்கள் 2016லேயே வெளியிட்டுவிட்டார்கள், ஆனால் எங்கள் தெருவுக்கு வர ஒரு நோய் தேவைப்பட்டது). அந்த வருடமே ஆடிக்கொண்டே பேசும் வசதியும் அதில் சேர்ந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எட்டு வருடம் ஆகிறது. உங்கள் திண்ணையில் வரைந்த கட்டத்துக்கு அவரால் குனியவே முடியாது. கட்டிலில் தலையணையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு போனில் என் காயை வெட்டுகிறார், வெட்டிவிட்டு மன்னார்குடியிலிருந்து தோகா வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிக்கிறார்.

இன்னொன்று. சும்மா போன் செய்தால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஆட்டம் என்றால் ஒரு மணி நேரம். ஆறு விழுவதற்காக அம்மா காத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அப்பாவுக்குச் சர்க்கரை 280 இருந்த விஷயமே வாயிலிருந்து விழுந்தது. அதற்கு முன்பு மூன்று மாதம் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரைக்கர்:
தூரத்தில் இருப்பவர்களுக்குச் சரி, அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் கேரமை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள் தயவுசெய்து. என் தம்பி மகன் போன் கேரமில் ஏதோ பெரிய லீக் வரைக்கும் போயிருக்கிறானாம். வீட்டுப் பலகையில் உட்கார வைத்தேன், ஸ்ட்ரைக்கரைச் சுண்டத் தெரியவில்லை, தள்ளுகிறான். போனில் காய் எந்தப் பக்கம் போகும் என்று கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதற்கு எனக்குப் பத்து வருடம் ஆனது, போரிக் பவுடர் எவ்வளவு தூவினால் காய் எவ்வளவு ஓடும் என்பது விரலுக்கே தெரிய இன்னும் சில வருடம். பன்னாட்டு கேரம் சம்மேளனம் 1988ல் தொடங்கியதே நம் சென்னையில்தான். 1991லும் 1995லும் உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர், அர்ஜுனா விருது வாங்கியவர். அவர் விரலில் இருந்ததை எந்தத் திரையில் ஏற்றுவீர்கள்?

சோழிக்காரி:
கேரமை விட்டுக்கொடுத்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். அது கையின் ஆட்டம். சதுரங்கம் முழுக்க மூளையின் ஆட்டம், அதைப் பலகையில் ஆடினாலும் திரையில் ஆடினாலும் குதிரை அதே இரண்டரைக் கட்டம்தான். தாயம் இரண்டும் இல்லை, விழுவது விழும். அது எங்கே விழுந்தால் என்ன?

மொட்டைமாடி:
தாயத்துக்குக் கை இல்லையா? எங்கள் பெரியத்தை கட்டை இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, "பன்னெண்டு" என்று சொல்லிவிட்டு உருட்டுவார். பத்துக்கு நான்கு தடவை விழும். அத்தை எதிர் அணியில் உட்கார்ந்தாலே எங்களுக்குப் பாதி தோல்வி. போனில் எல்லோருக்கும் ஒரே கை. அதுவும் எவன் எழுதிய நிரலோ, பூட்டிப் பூட்டி வைக்கிறான், நான் ஒரு நாள் பதினைந்து தடவை உருட்டியும் ஆறு விழவில்லை. காசு கட்டினால் நல்ல பகடை கொடுப்பான் என்று சந்தேகம்.

பகடைக்கணக்கு:
பள்ளியில் கணக்கு வாத்தியார், அதனால் குறுக்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பகடையில் பதினைந்து தடவை ஆறு விழாமல் போக ஆறரை சதவீத வாய்ப்பு உண்டு. தினமும் ஆடும் வீட்டில் அது மாதத்துக்கு இரண்டு முறையாவது யாரையாவது பிடிக்கும். தாயக்கட்டை இதைவிடக் கொடுமை. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம், ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டைக்கும் சேர்த்துப் பதினாறு விதம். ஒன்றும் வெறுமையும் சேர்ந்தால்தான் தாயம், அது இரண்டே விதம், அதாவது எட்டில் ஒன்று. லூடோவில் ஆறு விழுவது ஆறில் ஒன்று. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல், ஒரு காய் கூட இறங்காமல் உட்கார்ந்திருக்க 26 சதவீத வாய்ப்பு, நான்கு பேர் ஆடினால் அதில் ஒருவருக்கு அந்தக் கதி என்றே வைத்துக்கொள்ளலாம். பித்தளை செய்தால் விதி, போன் செய்தால் சதியா?

உங்கள் அத்தையின் பன்னிரண்டு, இரண்டு கட்டையும் வெறுமையாக விழுவது, பதினாறில் ஒன்றுதான். பத்துக்கு நான்கு என்றால் அத்தையை ஒரு முறை நேரில் பார்க்க ஆசை.

மொட்டைமாடி:
பார்க்க முடியாது சார், காலமாகிவிட்டார். கட்டை அவருடையதுதான்.

பகடைக்கணக்கு:
மன்னிக்கவும்.

தாமிரபரணிக்கரை:
நடுவில் ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. போன் வேண்டாம், பலகையும் வேண்டாம், டிவியில் போடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற விளையாட்டு மெஷின் இருக்கிறது. 2020ல் வந்த ஒரு தொகுப்பில் லூடோ, சதுரங்கம், மன்காலா எல்லாம் சேர்த்து 51 ஆட்டம். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து ஒரே திரையில் ஆடுகிறோம், வெட்டினால் தலையணை பறக்கும். மோனோபோலியும் டிவியில்தான். ஒரு இடத்துக்கு வந்தவன் வாங்கவில்லை என்றால் அது உடனே ஏலத்துக்குப் போக வேண்டும் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறதாம். இருபது வருடமாக அட்டையில் ஆடியவர்கள், எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மெஷின்தான் கற்றுக்கொடுத்தது, ஆட்டமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் முடிகிறது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மன்காலாவைப் பார்த்ததும் ஆச்சி "இது நம்ம பல்லாங்குழில்லா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். குழியை எண்ணினாள். பக்கத்துக்கு ஆறுதான். "ஏல, ஏழாவது குழி எங்கல போச்சு?" என்றாள். அப்புறம் ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் "பசு, எடு எடு" என்று கத்தினாள், அந்த ஆட்டத்தில் பசு ஏது, எடுக்க முடியவில்லை. "பசுவைக்கூடப் பிடிக்கத் தெரியாத பய எவனோ செஞ்சிருக்கான்" என்று எழுந்து போய்விட்டாள்.

மொட்டைமாடி:
ஆச்சி என் கட்சி.

ஸ்ட்ரைக்கர்:
ஆச்சி சொன்னதுதான் விஷயமே. வீட்டுக்கு வீடு விதி வேறு. தாயத்தில் எங்களுக்கு ஒரு காயையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போகக்கூடாது, காயைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பழம் எடுக்கவே முடியாது. மனைவி வீட்டில் அந்த விதி கிடையாது, முதல் வருடம் அதற்கே இரண்டு குடும்பமும் ஒரு மணி நேரம் வாதாடியது. ஆப்பில் எல்லாருக்கும் ஒரே விதி, லூடோவில் மூன்று ஆறு சேர்ந்து விழுந்தால் போச்சு, அவ்வளவுதான், கேட்க ஆள் இல்லை. தப்பாட்டம் ஆட வழி இல்லாத இடத்தில் சண்டை எப்படி வரும், சண்டை வராவிட்டால் மாமனாரோடு வேறு எதைப் பேசுவது?

சோழிக்காரி:
நீங்கள் எல்லாம் சொல்லும் "நம்ம லூடோ" கூட, சோழி குலுக்கி ஆடும் நம் பழைய பச்சீசியை வெள்ளைக்காரன் சுருக்கி 1896ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதுதான். சோழியை எடுத்துவிட்டு ஒற்றைப் பகடையைப் போட்டான். அன்றைக்கும் ஒரு மொட்டைமாடிக்காரர் "சோழி குலுக்காமல் ஆடுவது ஆட்டமா" என்று கேட்டிருப்பார். சண்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், எங்கள் அண்ணன் தோற்கும் சமயம் மட்டும் "நெட் போச்சு" என்று காணாமல் போவான். தப்பாட்டம் எல்லா ஊரிலும் பிழைத்துக்கொள்ளும்.

மொட்டைமாடி:
சரி, விளம்பரத்துக்கு என்ன பதில்? பெயர் சொல்ல விரும்பவில்லை, ஒரு ஆப்பில் அக்காவின் எட்டு வயதுப் பையன் ஆடிக்கொண்டிருந்தபோது ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் பணம் கட்டி ஆடச் சொல்லி ஒரு ஆள் வந்து கட்டுக் கட்டாக நோட்டைக் காட்டுகிறான். திண்ணைத் தாயத்தில் நடுவில் எவனாவது வந்து இப்படி நின்றால் செருப்பால் அடித்திருப்போம்.

சோழிக்காரி:
இதில் உங்களோடு நிற்கிறேன். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தபோது அப்பா பாயசம் வைக்கச் சொன்னார், சர்க்கரை 280ஐ மறந்துவிட்டு. ஆனால் எல்லாத் திரையும் அப்படி இல்லை. சதுரங்கத்துக்கு லிசெஸ் என்ற இணையதளம் இருக்கிறது, 2010லிருந்து இலவசம், விளம்பரமே கிடையாது. தாயத்துக்கு அப்படி ஒன்று யாராவது செய்தால் நானே நன்கொடை தருவேன்.

ஸ்ட்ரைக்கர்:
தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். மன்னார்குடியில் நிஜக் கட்டத்தை ஒரு மேசை மேல் வையுங்கள், அம்மா நாற்காலியில் உட்காரட்டும், பக்கத்தில் போனை நிறுத்தி வீடியோவில் நீங்கள் பாருங்கள். கட்டை நிஜம், காய் நிஜம், நீங்களும் இருக்கிறீர்கள். ஆப்பே வேண்டாமே?

மொட்டைமாடி:
இது நல்ல யோசனை. அடுத்த பொங்கலுக்கு வர முடியாதவர்களை இப்படி உட்கார வைத்துவிடுவேன்.

சோழிக்காரி:
செய்து பார்த்தோம் அண்ணா, போன தீபாவளிக்கு. என் கட்டையை அங்கே யாராவது உருட்ட வேண்டுமே, அப்பா உருட்டினார். அவர் தனக்கு உருட்டினால் தாயம், ஐந்து, பன்னிரண்டு என்று கொட்டுகிறது, அவருக்கு மூன்று காய் பழமாகிவிட்டது. எனக்காக உருட்டியதில் பதினொரு தடவை தாயமே விழவில்லை. கட்டை எப்போதும் போன் கேமராவுக்கு வெளியே போய்த்தான் நிற்கிறது. "ரெண்டும்மா, மறுபடியும் ரெண்டு" என்று குரல் மட்டும் வருகிறது.

பகடைக்கணக்கு:
பதினொரு தடவை விழாமல் போக 23 சதவீதம். சாதாரணமாக நடக்கக்கூடியதுதான், அப்பாவைச் சந்தேகப்பட இதில் ஒன்றுமில்லை.

சோழிக்காரி:
சார், உங்களுக்கு என் அப்பாவைத் தெரியாது.