ஜென் 2003: டிஸ்க் மாற்றியதிலிருந்து பிரேக் பெடல் கீழே போகிறது, அவசரம்

ராசிபுரம்_ஜென் (வெள்ளி, இரவு 9:40)
வணக்கம். 2003 மாடல் மாருதி ஜென் கார். முன்னால் இரண்டு டிஸ்க்கும் பேடும் புதிதாக மாற்றியாச்சு. அதிலிருந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போகிறது. பிரேக் லைனில் நாலு தடவை ஏர் எடுத்துவிட்டோம், ஒரு லிட்டர் பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டது. ஞாயிறு காலை வீட்டாரோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும். என்ன காரணம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கிரீஸ்கை (9:52)
டிஸ்க், பேட் மட்டும் மாற்றினால் ஆயில் லைனைத் திறக்கவே வேண்டியதில்லையே. பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிபரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பிஸ்டனை உள்ளே தள்ளி, புது பேட் போட்டு மூடினால் வேலை முடிந்தது. அப்புறம் ஏன் ஏர் எடுத்தீர்கள்? வேறு எதைக் கழற்றினீர்கள்? விட்டு விட்டு மிதித்தால் பெடல் மேலே ஏறுகிறதா, இல்லை மிதித்தபடியே வைத்திருந்தால் மெல்ல இறங்குகிறதா?

பின்டிரம் (10:05)
முன்னால் தேட வேண்டாம். பின் சக்கர டிரம் பிரேக்கில் ஷூ (பேட் மாதிரி உரசும் பட்டை) தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். எல்லாரும் முன்னால் செலவு செய்துவிட்டுப் பின்னாலிருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். பெடல் உயர்ந்து நின்றால் பின்னால்தான் கோளாறு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் எத்தனை பல் (கிளிக்) ஏறுகிறது?

சேலத்து_சாலை (10:11)
பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தீர்களா? பழைய வண்டியில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத அந்தக் கடைசித் தூரத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். சீல் அதில் உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துத்தான் மிதிக்க வேண்டும். என் வண்டியில் அப்படித்தான் ஆனது.

நாற்பதுவருட_ஸ்பானர் (10:30)
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று, பழையதைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. என்ன ஆயில், யார் மிதித்தது, எந்தச் சக்கரத்தில் தொடங்கினீர்கள், ஒன்றும் எழுதவில்லை. தம்பி, பிரேக் உயிர் சம்பந்தப்பட்ட வேலை. தெரியாமல் கை வைக்கக் கூடாது. ஆயில் டப்பா மூடியில் போட்டிருந்ததைத்தானே ஊற்றினீர்கள்?

மலைரோடு (10:41)
கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. டாட் 4 தர பிரேக் ஆயில் ஊற்றுங்கள். டாட் 3 அங்கே தாங்காது.

நாற்பதுவருட_ஸ்பானர் (10:48)
டாட் 3-இல் எத்தனை பேர் ஏறி இறங்கியிருக்கிறோம்! இரண்டாவது கியரில் இறங்கத் தெரிந்தால் எந்த ஆயிலும் தாங்கும்.

மலைரோடு (10:55)
கியரில் இறங்க வேண்டும், அதை மறுக்கவில்லை ஐயா. ஆனால் புது ஆயிலுக்கே டாட் 3-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் இழுத்த பிறகு 140, 155. இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூன்று வருடப் பழைய ஆயிலோடு இறங்கி, பேட் கருகும் வாசனை வந்து, பெடல் காலுக்கடியில் காணாமல் போனதை நான் அனுபவித்திருக்கிறேன். அன்றைக்கு பின் சீட்டில் என் அம்மா இருந்தார்.

சேலத்து_சாலை (11:02)
டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கான், மற்றதோடு கலக்காது. டாட் 5.1 வேறு.

ராசிபுரம்_ஜென் (சனி, காலை 7:15)
மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போச்சு. இடது காலிபர் பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. அதனால் இரண்டு காலிபரையும் வேறு வண்டியில் கழற்றியது வாங்கிப் போட்டோம். மூன்றாவது மிதியில் பெடல் ஏறுகிறது, விட்டால் மறுபடி பஞ்சு. கசிவு எங்கும் இல்லை. ஆயில் டாட் 3.

கிரீஸ்கை (7:22)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. மிதிக்க மிதிக்க ஏறுகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது. வீலைக் கழற்றிக் காலிபரைப் பாருங்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் மேல் முனையில் இருக்கிறதா, கீழேயா? போட்டோ போடுங்கள்.

பல வண்டிகளில் இடது, வலது காலிபரை மாற்றிப் போட்டாலும் போல்ட் சரியாக உட்கார்ந்துவிடும். ஆனால் நிப்பிள் தரையைப் பார்க்கும். காற்றுக் குமிழ் மேலேதான் போய் நிற்கும், நீங்கள் கீழே திறந்து நல்ல ஆயிலை மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருப்பீர்கள். பத்து லிட்டர் ஊற்றினாலும் இதே கதைதான். டியூபில் குமிழே வராமல் சுத்தமாக ஆயில் வந்திருக்குமே?

நிப்பிள் கீழே என்றால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள், செம்பு வாஷர் புதிதாகப் போடுங்கள். சரியானாலும் நாளைக்கே மலையேற வேண்டாம். புது பேட் டிஸ்க்கில் படிய வேண்டும். காலி ரோட்டில் 60-இலிருந்து 20-க்கு மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை குறையுங்கள், நடுவில் ஆற விடுங்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த 70 வளைவில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

நாற்பதுவருட_ஸ்பானர் (8:10)
நிப்பிளைப் பார்க்காமலா நாலு தடவை ஏர் எடுத்தார்கள்? இதற்குத்தான் தெரிந்தவரிடம் விட வேண்டும் என்பது.

கிரீஸ்கை (8:14)
கேட்டுத் தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறார். நானும் ஒருமுறை இப்படிப் போட்டவன்தான்.

ராசிபுரம்_ஜென் (சனி, மாலை 6:50)
ஆமாம் அண்ணா, இரண்டு நிப்பிளும் கீழே. மாற்றிப் போட்டோம், முதல் திறப்பிலேயே புஸ்ஸென்று காற்று வந்தது. இப்போது பெடல் கல் மாதிரி நிற்கிறது. கோயிலுக்கு பஸ்ஸில் போகிறோம். நன்றி.

பின்டிரம் (7:30)
நல்லது. ஹேண்ட் பிரேக் எத்தனை பல் என்று இன்னும் சொல்லவில்லையே.