மனநலத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்லக் கூப்பிட்டிருக்காங்க, ரெண்டு நிமிஷத்துல என்ன பேசுறது?

பூக்கடைத் தம்பி:

வணக்கம். எங்க மாவட்டத்துல மனநல சிகிச்சையை எப்படி மேம்படுத்தலாம்னு திட்டம் போடுறாங்களாம். நோயாளி வீட்டு ஆட்கள் நாலஞ்சு பேரைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. அதுல நானும் ஒருத்தன். வெள்ளிக்கிழமை கூட்டம், ஆளுக்கு ரெண்டு நிமிஷம். மைக் பிடிச்சுப் பழக்கமில்லை, அதான் இங்க கேக்குறேன்.

அக்காவுக்கு 41 வயசு. பதினாறு வருஷமா ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். அதுக்கான ரிஸ்பெரிடோன் மாத்திரை ஒழுங்காப் போனா என்னோட கடையில உக்காந்து பூக்கட்டும், கடன் நோட்டும் அதுதான் பார்க்கும். மனநல டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர்றது புதன்கிழமை மட்டும். காலையில 6.10 டவுன் பஸ்ஸைப் பிடிச்சு, இறங்கி இன்னொரு பஸ். (அக்காவுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு உண்டு.) அன்னைக்குக் கடை பூட்டு. டாக்டர் முப்பது நாளைக்கு எழுதுவார், கவுண்டர்ல பதினஞ்சு நாளைக்குக் குடுத்துட்டு "ஸ்டாக் வரல"ம்பாங்க.

போன ஆவணியில ரிஸ்பெரிடோன் இருந்துச்சு. கூடப் போடுற சின்ன மாத்திரை, டிரைஹெக்ஸிபெனிடில், அது இல்லை. "பெரிய மாத்திரை இருக்குல்ல, அது போதும்"னுட்டாங்க. நாலாம் நாள் அக்கா விரலெல்லாம் மரக்கட்டை மாதிரி ஆயிருச்சு. மல்லியை ரெண்டு ரெண்டா எதிரெதிரா வச்சு நாரைச் சுத்துனா முடிச்சு விழ மாட்டேங்குது, இழுக்க இழுக்கப் பூ மடியில உதிருது. முகூர்த்த நாள் வேற. பூ வாங்க வந்த ஒருத்தர், "என்ன, பிள்ளை குடிச்சிருக்கா?"ன்னு என்கிட்டயே கேட்டார். அன்னைக்கு ராத்திரியோட எல்லா மாத்திரையையும் அக்கா நிறுத்திருச்சு. எனக்குத் தெரியாது. பிறகுதான் தலையணை உறைக்குள்ள கிடந்ததைப் பார்த்தேன். அதுக்கப்புறம் மூணு வாரம் நாங்க பட்டதை எழுத மனசு வரல.

இன்னொண்ணு. எங்கம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை மாசாமாசம் வீடு தேடி வருது. 2021-ல தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம்தான். அக்காவும் அதே வீட்லதான் இருக்கு.

கூட்டத்துல கட்டில் எத்தனை, கட்டடம் எங்கேன்னுதான் பேச்சு ஓடும்னு நினைக்கிறேன். நான் போய் மாத்திரையை மட்டும் பேசினா அற்பமாத் தெரியுமா?

ரிட்டையர்டு சிஸ்டர்:

தம்பி, அதை மட்டும் பேசுங்க. 31 வருஷம் வார்டுல நின்னவ சொல்றேன்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி தர்கா பக்கத்துல மனநோயாளிகளை வச்சிருந்த ஒரு விடுதியில தீப்பிடிச்சு 28 பேர் போனாங்க. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியல. அப்படிக் கொண்டுபோய் விட்டவங்க எல்லாரும் கல்நெஞ்சுக்காரங்கன்னு நான் சொல்ல மாட்டேன். என்கிட்ட வந்த குடும்பங்கள்ல பாதிப்பேர், மருந்து நின்னு ராத்திரி தூக்கம் போன பிறகுதான் கோயில் தர்கான்னு அலைஞ்சவங்க.

ஸ்டாக் விஷயத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. எங்க ஆஸ்பத்திரியில, போன மாசம் எவ்வளவு செலவாச்சோ அதை வச்சுத்தான் இண்டென்ட் (மருந்து கேட்டு அனுப்புற பட்டியல்) போடுவோம். மருந்தே இல்லாத மாசத்துல செலவும் கம்மியாத்தானே காட்டும்? அடுத்த இண்டென்ட் அதைவிடக் கம்மியாப் போகும். கடைசியில "இங்க அந்த மருந்துக்குத் தேவையே இல்லை"ன்னு ரெஜிஸ்டர் சாட்சி சொல்லும்! ஓ.பி. நோட்டுல இருக்குற ஆள் கணக்கை வச்சு இண்டென்ட் போடச் சொல்லுங்க. இதுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம்.

விரல் விறைச்சது ரிஸ்பெரிடோனோட பக்கவிளைவா இருக்கும், அதைத் தணிக்கத்தான் அந்தச் சின்ன மாத்திரை. இனிமே அது இல்லைன்னா கவுண்டரோட திரும்பாதீங்க. டாக்டர்கிட்டயே போய்ச் சொல்லுங்க, அளவை மாத்தியோ வேற மருந்தோ எழுதுவார்.

கறுப்பு அங்கி:

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ஐ (நடைமுறைக்கு வந்தது 2018 மே 29) அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 18ஆவது பிரிவில் இருக்கிறது: அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை, சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலுள்ள அரசு மருத்துவமனைகளில் எல்லா நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 'எல்லா நேரமும்' என்பது சட்டத்தின் சொல். அதற்கு அடிக்கோடு போடுங்கள். நீங்கள் அங்கே சலுகை கேட்கப் போகவில்லை.

சேவையில் குறை இருந்தால் 28ஆவது பிரிவின்படி புகார் தரலாம். முதலில் மருத்துவமனைப் பொறுப்பு அதிகாரி, பிறகு மனநல மறுஆய்வு வாரியம். புகார் தர வேண்டியது நோயாளி, அல்லது அவர் நியமித்த பிரதிநிதி. அக்கா தெளிவாக இருக்கும்போதே 14ஆவது பிரிவின்படி உங்களை நியமித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளும் அவர் கையெழுத்தும் போதும். முத்திரைத்தாள் வேண்டும் என்று எவராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

லித்தியம்காரன்:

பிரதர், நான் சென்னை. எனக்கு பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்குற நோய்), ஒன்பது வருஷமா லித்தியம் மாத்திரை. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாத்தான் அதுல மருந்தோட அளவு சரியாத் தெரியும். நான் போற லேப்ல டோக்கன் வாங்கி உள்ள போறதுக்குள்ள அந்த நேரம் தாண்டிடும். இதை எந்தத் திட்டக் கூட்டத்துலயும் ஒருத்தர் எழுந்து சொல்லி நான் கேட்டதில்ல, ஏன்னா மாத்திரை முழுங்குறவனை யாரும் கூப்பிடுறதில்ல.

14416, அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், 2022 அக்டோபர்ல வந்துச்சு. தமிழ்லயே பேசுறாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு உதவியிருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரை போன்ல வராது.

உங்க போஸ்ட் முழுக்க அக்கா இருக்காங்க. அவங்ககிட்ட கேட்டீங்களா?

பூக்கடைத் தம்பி:

கேக்கல. படிச்சதும் சுருக்குனு இருந்துச்சு.

நேத்து கடை அடைச்சிட்டுக் கேட்டேன். நாரை நனைச்சுக்கிட்டே ரொம்ப நேரம் பேசாம இருந்துச்சு. பிறகு சொல்லுச்சு: "டாக்டர் மேசைக்கு ஒரு மறைப்புப் போடச் சொல்லு. எனக்குக் குரல் கேக்குதா, என்ன சொல்லுதுன்னு அவர் கேக்குறப்ப, பின்னாடி வரிசையில நிக்கிறவங்க கழுத்தை நீட்டிக் கேக்குறாங்க. நான் எல்லாத்துக்கும் இல்ல, இல்லன்னே சொல்லிட்டு வந்துர்றேன்."

பதினாறு வருஷம் அதுக்குப் பக்கத்துலயேதான் நின்னிருக்கேன்.

பேப்பர்ல மறைப்பை முதல்ல எழுதிட்டேன். அடுத்து சிஸ்டர் சொன்ன இண்டென்ட், அப்புறம் வீட்டுக்கு மாத்திரை. வெள்ளைத்தாள்ல அக்கா கையெழுத்துப் போட்டுருச்சு. கூட்டத்துக்கும் வருதாம், ஆனா பேசாதாம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம் இல்லாதது நல்லதாப் போச்சு.