மவுஸ் தூங்கி வழிகிறது, எழுப்பியே கை வலிக்கிறது (லினக்ஸ் மின்ட்)

செந்தூல்வாசி:
வணக்கம். பழைய லேப்டாப், லினக்ஸ் மின்ட் சின்னமன். யுஎஸ்பி ரிசீவர் வைத்த வயர்லெஸ் மவுஸ். கையை எடுத்துவிட்டு ஒரு பத்தி படித்து முடித்துத் திரும்பத் தொட்டால் அம்பு அசைவதில்லை. கிளிக் செய்தால்தான் எழுகிறது, அந்த முதல் கிளிக்கும் வீண். மவுஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. போன வாரம் வரை நன்றாகத்தான் இருந்தது. புது மவுஸ் என்றால் இன்னொரு 40 வெள்ளி (ரிங்கிட்) போகுமே என்று யோசனை.

ஈப்போரோடு:
மவுஸ் அமைப்பில் முடுக்கத்தை 'ஃபிளாட்' ஆக்கிப் பாருங்கள்.

பிறை அண்ணன்:
முடுக்கம் அம்பு ஓடும் வேகத்துக்குத்தான். இங்கே அம்பு ஓடவே இல்லையே. தம்பி, டச்பேடும் இப்படித் தூங்குகிறதா? போன வாரம் சார்ஜ் மிச்சம் பிடிக்க ஏதாவது போட்டீர்களா?

செந்தூல்வாசி:
டச்பேட் சரியாக இருக்கிறது அண்ணே. மாமாக் உணவுக் கடையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன், பிளக் கிடைக்காது. அதனால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பவர்டாப் நிரலைப் போட்டு, கணினி தொடங்கும்போதே அதன் 'ஆட்டோ டியூன்' தானாக ஓட ஒரு சிஸ்டம்டி சேவை (தொடக்கத்தில் கட்டளைகளை ஓட்டும் கோப்பு) எழுதினேன்.

பிறை அண்ணன்:
அதுதான் ஆள். ஆட்டோ டியூன் யுஎஸ்பி சாதனங்களையும் சேர்த்து உறங்க அனுமதித்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வழக்கமான காத்திருப்பு 2 விநாடி. அதற்குள் அசைவில்லை என்றால் ரிசீவர் தூங்கிவிடும். லேப்டாப் டச்பேடு பெரும்பாலும் யுஎஸ்பியில் இல்லாமல் ஐ2சி அல்லது பிஎஸ்/2 என்ற வேறு இணைப்பு வழியில் இருக்கும், அதனால் தப்பித்தது.
சூடோவோடு (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) பவர்டாப்பைத் திறந்து, டேப் விசையால் 'டியூனபிள்ஸ்' பக்கம் போங்கள். ரிசீவர் வரியில் 'குட்' என்றிருக்கும். என்டர் தட்டி 'பேட்' ஆக்குங்கள். பவர்டாப்புக்கு மின்சாரம் ஒன்றுதான் கண், அது 'பேட்' என்பது நமக்கு நல்லது.

செந்தூல்வாசி:
எழுந்துவிட்டது! ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பழைய கதை.

ஈப்போரோடு:
யூடெவ் விதி (சாதனத்தைக் கண்டதும் தானாக ஓடுவது) எழுதினால் நிலைக்குமே?

பிறை அண்ணன்:
ரிசீவரைக் கண்டதுமே யூடெவ் ஓடி முடிந்துவிடும். அப்புறம் வரும் பவர்டாப் அதை அழித்துவிடும். ஆகவே சேவைக் கோப்பிலேயே, பவர்டாப் வரிக்கு அடுத்து, ரிசீவரின் 'பவர்/கன்ட்ரோல்' கோப்பில் 'ஆன்' என்று எழுதும் ஷெல் வரி ஒன்று சேருங்கள். அந்தக் கோப்புக்கான பாதை சிஸ் (/sys) அடைவுக்குள், பஸ், யுஎஸ்பி, டிவைசஸ், பிறகு 1-2 போன்ற எண் என்று போகும்.

செந்தூல்வாசி:
டெர்மினலில் சூடோ எக்கோ (எக்கோ என்பது எழுத்தை வெளியிடும் கட்டளை) போட்டு அந்தக் கோப்பில் எழுதிப் பார்த்தேன், அனுமதி இல்லை என்கிறது.

பிறை அண்ணன்:
சூடோ தரும் உரிமை எக்கோவுக்கு மட்டும்தான். '>' குறி போட்டுக் கோப்பில் எழுதுவது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் உங்கள் சாதாரண ஷெல். எக்கோவைப் பைப் ('|' குறி) வழியாக, கோப்பில் எழுதும் 'சூடோ டீ' (tee) கட்டளைக்கு அனுப்புங்கள். சேவைக்குள் இந்தத் தொல்லை இல்லை, அது ரூட்டாகவே (நிர்வாகியாகவே) ஓடும்.

செந்தூல்வாசி:
மூன்று முறை ரீஸ்டார்ட், மவுஸ் விழித்தே இருக்கிறது. நன்றி அண்ணே. பிறகு ரிசீவரை வலப்பக்கம் மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன், மறுபடி தூக்கம்!

பிறை அண்ணன்:
அந்த எண் போர்ட்டைப் பொறுத்தது. பழைய இடத்திலேயே செருகுங்கள். மிச்சமான 40 வெள்ளியில் எனக்கு ஒரு தே தாரேக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்).