'கன்னி இனப்பெருக்கம்' வேண்டாம், 'தனிச்சூல் பிறப்பு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

விந்து சேராமலே முட்டை உயிராகி வளரும் 'பார்த்தினோஜெனிசிஸ்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள 'கன்னி இனப்பெருக்கம்' என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். புழக்கத்தில் இருக்கும் சொல்லைக் கலைக்கக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் இந்தச் சொல் பிள்ளைகளுக்குப் பொருளையே தப்பாகக் காட்டுகிறது.

தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிடும் ராணி, கன்னி அல்ல. இளமையில் பறந்துபோய்ப் பல ஆண்களோடு கூடி, அந்த விந்தை வயிற்றுக்குள் ஒரு பையில் சேர்த்துவைத்து, ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் செலவழிக்கிறது. அடையில் குறுகலான அறை வந்தால் விந்து சேர்த்து முட்டையிடும். அது வேலைக்காரத் தேனீயாகும். அகலமான அறை வந்தால் விந்து சேர்க்காமல் முட்டையிடும், அது ஆணாகும். வேலைக்காரிக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு 16தான். ஆண் தேனீக்கு அப்பா கிடையாது, தாயைப் பெற்ற தாத்தா மட்டும் உண்டு. ஒரே தாய், ஒரே நாளில், ஒரே அடையில் இரண்டு விதமாகவும் முட்டையிடுகிறாள். இதில் தாயின் கன்னிமைக்கு என்ன வேலை?

ஆண் தேனீ விந்து சேராத முட்டையிலிருந்து வருகிறது என்று சிலேசியப் பாதிரியார் ஜான் ஜியர்சோன் சொன்னது 1845இல். ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1849இல், செடிச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினிகளைப் பற்றி எழுதும்போது, கிரேக்கத்தில் 'கன்னி' என்று பொருள்படும் 'பார்த்தினோஸ்' என்ற சொல்லைப் பெயரில் சேர்த்தார். கிரேக்கத்தில் அது போகட்டும். தமிழில் 'கன்னி' என்றால் 'முதல்' என்றும் பொருள்: கன்னிப்பேச்சு, கன்னி முயற்சி, சபரிமலைக்கு முதல் தடவை போகிற கன்னிச்சாமி. 'கன்னிப்பிறப்பு' என்று எழுதினால் மாட்டின் தலையீற்று என்று ஒரு மாணவர் நினைப்பதில் தப்பே இல்லை.

உங்களில் சிலர் சொன்ன 'கருவுறாப் பிறப்பு' என்ற முன்மொழிவை முதலில் ஆதரித்தேன். வாழைப்பழத்தைக் 'கருவுறாக் கனி' என்கிறோமே, அதே வழிதானே என்று தோன்றியது. யோசித்தால் இரண்டும் ஒன்றல்ல. வாழைப்பழத்தில் கரு உண்டாவதே இல்லை. அங்கே அந்தப் பெயர் கச்சிதம். இங்கே கரு உண்டாகிறது, வளர்கிறது, பிறக்கிறது. 'கருவுறாமல் கருவானது' என்று வகுப்பில் எப்படிச் சொல்வது? 'புணராப் பிறப்பு' என்றாலோ ராணித் தேனீ மறுபடி குறுக்கே வருகிறது.

சேவல் சேராமல் கோழி இட்ட முட்டையை அடைவைத்தால் கூமுட்டையாகத்தான் போகும். அதுதான் நாம் வீட்டில் கண்டது. இங்கே அப்படிப்பட்ட முட்டை உயிராகிறது. ஆகவே பெயர் முட்டையின் மேல் விழ வேண்டும், தாயின் மேல் அல்ல. 'தனிமுட்டைப் பிறப்பு' என்று வைக்கலாம்தான். ஆனால் அசுவினி குட்டியல்லவா போடுகிறது!

போன வாரம் அவரைக் கொழுந்து ஒன்றைக் கிள்ளி வந்து கைவில்லையில் பார்த்தேன். கருத்த தாய் அசுவினி, ஊசிவாயைத் தண்டில் குத்தியபடியே இருக்கிறது. பின்புறம் வெளிறிய குட்டி ஒன்று வால்பக்கமாக வெளிவந்து, கால்களை ஒவ்வொன்றாக உதறிப் பிரிக்கிறது. தாய் உறிஞ்சுவதை நிறுத்தவே இல்லை. அந்தக் குட்டி பிறக்கும்போதே அதன் வயிற்றுக்குள் அடுத்த தலைமுறைக்கான கருக்கள் வளரத் தொடங்கியிருக்கும். கொழுந்து ஒரே வாரத்தில் மொய்த்துப்போவது இதனால்தான்.

முட்டையிடுவதற்கும் குட்டி போடுவதற்கும் பொதுவாக நம்மிடம் 'சூல்' இருக்கிறது. செடிக்கும் சூல், சூலகம் என்றே சொல்கிறோம். விந்து சேராமல் தனியே நின்ற சூல், 'தனிச்சூல்'. அதிலிருந்து வருவது 'தனிச்சூல் பிறப்பு'. பூந்தொட்டி மண்ணில் மண்புழு போல நெளியும் புழுப்பாம்பில் இதுவரை பெண் மட்டுமே கிடைத்திருக்கிறது. தொட்டி மண்ணோடு உலகம் முழுக்கப் பரவியும் அதற்கு ஆண் தேவைப்படவில்லை. அதைத் 'தனிச்சூலி' என்று ஒரே சொல்லில் சொல்லலாம். நன்னீர்ச் சிற்றுயிரான ஹைட்ரா மொட்டுவிட்டுப் பெருகுவதிலிருந்தும் இது தானாகவே பிரிந்துநிற்கும், அங்கே சூலே கிடையாது. பாலிலா இனப்பெருக்கம் என்ற ஒரே கூடையில் இரண்டையும் போட்டுக் குழம்புவது இதனால் குறையும் என்று நம்புகிறேன்.

உட்பிரிவுகளுக்கும் மாட்டுக்கொட்டிலிலேயே சொல் இருக்கிறது. தலையீற்று, கடையீற்று என்கிறோம். தனிச்சூலில் ஆண் மட்டும் பிறந்தால் 'ஆணீற்று', பெண் மட்டும் பிறந்தால் 'பெண்ணீற்று'. தேனீயுடையது ஆணீற்று, அவரைக் கொழுந்தில் நான் பார்த்தது பெண்ணீற்று.

பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கும் அண்ணன் ஒருவரிடம் இந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "ஆமா தம்பி, ராணி கெழடாயி விந்து தீந்துட்டா அப்புறம் எல்லாம் ஆணீத்துதான், ராணிய மாத்திர வேண்டியதுதான்" என்றார்.