ஃப்ளாஷ் என்பதற்குப் பிசிறு போதாதா? மலிவு மாடல் கிட்களின் குறைகளுக்குப் பெயர் தேடி

> ஃப்ளாஷ் = மிகைக்கசிவு. சிங்க் மார்க் = ஒடுக்கு. ஃபிட் = பொருத்தம். வேறு கருத்து இல்லையென்றால் இவற்றைப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

வேறு கருத்து இருக்கிறது தம்பி, கொஞ்சம் பொறுங்கள். பாகங்களை ஒட்டிச் சேர்த்து விமான மாதிரி செய்கிற பிளாஸ்டிக் கிட்களுக்கு நீங்கள் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் இவை இப்படியே ஏறக் கூடாது. அகராதியை மூடி வைத்துவிட்டு, மேசையில் ஒரு கிட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பேசுவோம்.

போன வாரம் நான் பிரித்தது 1/72 விகிதத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம். மலிவான கிட்தான், யார் செய்தது என்பது இந்தப் பேச்சுக்குத் தேவையில்லை. பெட்டிப் படம் பிரமாதம். உள்ளே சக்கரத்தைச் சுற்றிப் பாம்புச் சட்டை மாதிரி மெல்லிய ஏடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, இறக்கைக்கு அடியில் நிற்க வேண்டிய, காற்று வேகம் அளக்கும் ஊசிக்குழல் அந்த ஏட்டுக்கு நடுவே இலை நரம்பு போலத் தெரிகிறது, எது குழல் எது ஏடு என்று விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால்தான் புரிகிறது. இறக்கையின் மேற்பரப்பில் இரண்டு லேசான பள்ளங்கள். திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில், அடிப்பக்கம், இரண்டு தடித்த முளைகள். உடலின் இரு பாதிகளையும் பசை போடாமல் டேப்பால் சேர்த்துப் பார்த்தேன். மூக்கு சேர்ந்தால் வால் விலகுகிறது, வாலை அழுத்திப் பிடித்தால் மூக்கு வாயைப் பிளக்கிறது. பட்டியலில் நீங்கள் போட்ட மூன்றும் ஒரே பெட்டியில்!

முதலில் அந்த ஏடு, அதாவது ஃப்ளாஷ். எஃகு அச்சின் இரண்டு பாதிகளை இயந்திரம் இறுக்கிப் பிடிக்கிறது, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு உள்ளே தள்ளுகிறது. பிடி தளர்வாக இருந்தாலோ, அச்சின் விளிம்பு தேய்ந்திருந்தாலோ, இரண்டு பாதிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். உருகல் அதில் புகுந்து உறைந்துபோகிறது. அவ்வளவுதான் விஷயம். இதைக் கசிவு என்றால் குழாய் ஒழுகுகிற ஞாபகம் வருகிறது, இங்கே ஒழுகி முடிந்து கல்லாகிவிட்டது. அதற்கு முன்னால் மிகை எதற்கு என்பதும் எனக்குப் புரியவில்லை. அளவான கசிவு என்று ஒன்று இருக்கிறதா என்ன?

பட்டறையில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: பிசிறு. லேத்தில் கடைந்து எடுத்த துண்டின் ஓரத்தில் நிற்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். கூடவே வினையும் வந்துவிடுகிறது, பிசிறு எடு, பிசிறு சீவு என்று. ஒரு கலைச்சொல்லை நான் சோதிக்கிற முதல் வழி இதுதான், அதை வைத்து ஒருவரிடம் வேலை சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. "மிகைக்கசிவை அகற்றவும்" என்று செய்முறைத் தாளில் அச்சடிக்கலாம், பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, பிசிறில்லாமல் பாடினார், பிசிறில்லாத வேலை என்றெல்லாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஒரு கிட்டைப் பற்றி "வார்ப்பு பிசிறில்லாமல் இருக்கிறது" என்று எழுதினால் எந்த விளக்கமும் வேண்டாம்.

அடுத்தது ஒடுக்கு. இங்கேதான் எனக்கு உண்மையான சண்டை. பாத்திரம் கீழே விழுந்தால் ஒடுக்கு விழும், அதாவது வெளியிலிருந்து ஒரு அடி பட்டிருக்க வேண்டும். சிங்க் மார்க்கில் யாரும் எதையும் அடிக்கவில்லை. பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், மெல்லிய இடம் சீக்கிரம் ஆறும், தடித்த இடம் உள்ளே இன்னும் சூடாகவே இருக்கும். வெளித்தோல் இறுகிய பிறகு உள்ளே இருப்பது சுருங்கினால் தோலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் பள்ளம் பெரும்பாலும் முளைக்கோ விலா எலும்பு மாதிரி ஓடும் தடிப்புக்கோ நேர் மறுபக்கம் வருகிறது. கடல் உள்வாங்கியது என்கிறோமே, அதே சொல் போதும்: உள்வாங்கல். "இறக்கையில் இரண்டு இடத்தில் உள்வாங்கியிருக்கிறது" என்று சொன்ன உடனே கேட்பவர் இறக்கையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். ஒடுக்கு என்றால் பெட்டி வரும் வழியில் நசுங்கிவிட்டதோ என்று யோசிப்பார். யார் மேல் பழி போடுவது என்பதே மாறிவிடுகிறது, பாருங்கள்.

நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் அந்தப் பழிதான். மலிவுக் கிட்டை எடை போடுகிறவர்கள் எல்லாக் குறையையும் ஒரே சாக்கில் போட்டு மோசம் என்று கட்டிவிடுகிறார்கள். ஒரு கிட்டின் குறை மூன்று இடத்தில் பிறக்கலாம். அச்சை வெட்டும்போதே வந்தது ஒன்று: வடிவம் தப்பு, அளவு தப்பு, முளையும் துளையும் எதிரெதிரே இல்லை. இது பிறவிக்குறை, முதல் பெட்டியிலும் இருக்கும், லட்சமாவது பெட்டியிலும் இருக்கும். அச்சு கிழடு தட்டுவதால் வருவது இன்னொன்று, பிசிறு பெரும்பாலும் இந்த வகை, அப்புறம் இரண்டு பாதி அச்சும் நழுவி உருளையான பாகத்தில் படிக்கட்டு விழுவதும். இதை மூப்புக்குறை எனலாம். மூன்றாவது அன்றைய வார்ப்பின் கோளாறு. உருகல் கடைசி முனைவரை போய்ச் சேராமல் பாகம் மொட்டையாக நிற்பது, சரியாக ஆறும் முன்னே அச்சிலிருந்து தள்ளியதால் நெளிந்து வருவது. இதற்கு வார்ப்புக்குறை. உள்வாங்கல் மட்டும் இரண்டு வீட்டுப் பிள்ளை: தடிப்பை அங்கே வைத்தது பிறவி, அழுத்தத்தைப் போதிய நேரம் பிடித்து வைக்காதது வார்ப்பு.

இந்தப் பிரிப்பு இல்லாமல் பழைய அச்சுகளைப் பற்றிப் பேசவே முடியாது. பிரிட்டனின் ஃப்ராக் நிறுவனம் 1936-இலேயே 1/72 பிளாஸ்டிக் கிட்களைக் கொண்டுவந்தது, அவை பாலிஸ்டைரீன் அல்ல, செல்லுலோஸ் அசிடேட். பிற்பாடு அந்த நிறுவனம் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய் நோவோ என்ற பெயரில் கிட்களாக வந்தன. இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியனுக்கும் பிரிட்டனுக்கும் எதிரணியில் இருந்த நாடுகளின் விமான அச்சுகள் மட்டும் ரெவெல் நிறுவனத்தின் பக்கம் போயின. பெட்டி மாறும், பெயர் மாறும், படம் மாறும், உள்ளே அதே எஃகு. புதிய பெட்டியைப் பார்த்துப் புதிய கிட் என்று நம்பி வாங்கி, பிரித்ததும் ஓரமெல்லாம் ஏடு தொங்குவதைப் பார்த்துத் திட்டுகிறவருக்கு நான் சொல்வது, ஐயா, வடிவம் சரியாக இருந்தால் அது நல்ல கிட்தான், கிழமாகிவிட்டது, அவ்வளவே. பிசிறை ஒரு மாலைப் பொழுதில் கத்தியாலும் உப்புத்தாளாலும் எடுத்துவிடலாம். பிறவிக்குறைக்கு உப்புத்தாள் கிடையாது.

எவ்வளவு பெரிய குறை என்பதையும் விகிதத்தால் பெருக்கிப் பார்க்காமல் சொல்லக் கூடாது. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீளம் நுனிக்கு நுனி 11.23 மீட்டர், 1/72-இல் 156 மில்லிமீட்டர் வர வேண்டும். என் மேசைக் கிட்டில் 154. இரண்டு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 144 மில்லிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை, என் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, மன்னித்துவிட்டேன். ஆனால் தகடுகளுக்கு நடுவே ஓடும் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள், 72-ஆல் பெருக்கினால் 14.4 மில்லிமீட்டர், விமானத்தின் உடம்பில் விரல் நுழைகிற சந்து! 1970-களில் வந்த மேட்ச்பாக்ஸ் நிறுவனத்தின் கிட்களில் இந்தக் கோடுகள் அவ்வளவு ஆழம், அகழி வெட்டுகிறவர் என்று ஒரு கற்பனை ஆளையே உண்டாக்கிக் கிண்டல் செய்தார்கள். ஆனாலும் இரண்டு மூன்று வண்ண பிளாஸ்டிக்கில் வார்த்ததால் பெயின்ட் இல்லாமலே பார்க்கும்படி இருந்தது, சிறுவர்களுக்கு அது போதும். அதைவிடப் பழைய கிட்களில் கோடு பள்ளமாக இல்லாமல் மேலே புடைத்து நிற்கும். பதிகோடு, புடைகோடு என்று பிரித்துச் சொன்னால் வாங்குகிறவருக்கு வசதி, ஏனென்றால் புடைகோடு மூட்டுவாயைத் தேய்க்கும்போது கூடவே அழிந்துபோகும், பதிகோடு ஓரளவு தப்பிக்கும்.

சரி, ஃபிட். பொருத்தம் தப்பில்லை, ஆனால் அது எதற்கும் பொருந்துகிற சொல். நிறம் பொருத்தம், விலை பொருத்தம், ஆள் பொருத்தம். எனக்குச் சேர்மானம் பிடிக்கிறது. "சேர்மானம் நன்று, பட்டி பார்க்க வேண்டியதில்லை" என்று ஒரு வரி எழுதினால் கிட்டின் பாதிக் கதை முடிந்தது. சேர்க்கை சரியில்லை என்று எழுதிச் சிரிக்கவும் இடம் இருக்கிறது, அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை.

சின்னச் சொற்கள் சிலவற்றைக் கையோடு சொல்லிவிடுகிறேன். பாகங்கள் தொங்கும் சட்டத்தைக் கொடி என்போம், பாகம் அதில் ஒட்டியிருக்கும் இடம் காம்பு. காம்பு தடித்திருந்தால் வெட்டும்போது பாகமும் பிய்ந்து வரும், மலிவுக் கிட்டில் முதலில் பார்க்க வேண்டியதில் இதுவும் ஒன்று. பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் ஊசிகள் விட்டுப்போகும் வட்டத் தழும்புக்குத் தள்ளூசித் தடம். அது உட்பக்கம் இருந்தால் கவலையே படாதீர்கள், விமானியின் அறைக்குள் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால்தான் தலைவலி. கிட் கிட்டாகவே இருக்கட்டும், அதைத் தமிழாக்கப் போய் இன்னொரு வாரம் போய்விடும்.

அன்புடன்.

---

> பிசிறு சரி. ஆனால் காம்பை வெட்டினாலும் பிசிறு நிற்கிறது, ரம்பத்தால் அறுத்தாலும் நிற்கிறது. அப்படியிருக்க ஃப்ளாஷுக்கு மட்டும் அதை எப்படி ஒதுக்குவது? நான் சவ்வு என்று சொல்வேன். மெல்லியது, இரண்டு பாகத்துக்கு நடுவே படர்வது. மற்றபடி சேர்மானத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சவ்வு என்றதும் எனக்கும் அந்தச் சக்கரம்தான் கண்முன் வந்தது. ஆனால் சவ்வு என்பது இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது, காதுச் சவ்வு மாதிரி, கிழிந்தால்தான் கோளாறு. இங்கே இருப்பதே கோளாறு. தவிர, எல்லாப் பிசிறும் மெல்லிசாக வருவதில்லை, நன்றாகத் தேய்ந்த அச்சில் நகம் கனத்துக்கு முண்டு மாதிரி நிற்கும், அதைச் சவ்வு என்று சொல்ல வாய் வராது.

குழப்பம் வருகிற இடத்தில் அடை சேர்த்துக்கொள்வோமே. அச்சில் வந்தது அச்சுப்பிசிறு, நாம் வெட்டி வந்தது வெட்டுப்பிசிறு. கிட்டைப் பிரித்த உடனே பேசும்போது பிசிறு என்றாலே போதும், அப்போது இன்னும் யாரும் கத்தியை எடுக்கவில்லையே. இப்படிப் பிரித்தால் ஒரு லாபமும் உண்டு: நாமே மொக்கைக் கத்தியால் பிய்த்துவிட்டு அச்சைத் திட்டுகிற பழக்கம் கொஞ்சம் குறையும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

---

> அப்படியானால் ஃப்ளாஷ் = பிசிறு, தேவையான இடத்தில் அச்சுப்பிசிறு. சிங்க் மார்க் = உள்வாங்கல். இவை இரண்டும் ஏற்றப்பட்டன. ஃபிட்டுக்குச் சேர்மானம், பொருத்தம் இரண்டையும் போட்டு வைக்கிறேன், எது நிற்கிறதென்று பார்ப்போம். கண்ணாடிப் பாகங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

மறந்தே போனேன் தம்பி, நல்ல வேளை கேட்டீர்கள். மலிவுக் கிட்டில் விதானம், அதாவது விமானியின் தலைக்கு மேல் மூடும் கண்ணாடி, பெரும்பாலும் தேவைக்கு மேல் தடித்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் 1/72-இல் 72 மில்லிமீட்டர் தடித்த கண்ணாடி, உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானி குளத்துக்குள் இருப்பது போல அலைந்து தெரிவார். ஒரு செய்தித்தாள் வரியின் மேல் விதானத்தைக் கவிழ்த்துப் பார்க்கிறேன், எழுத்து நேராக நின்றால் சரி, நெளிந்தால் அந்தக் கிட்டில் விதானத்தைத் திறந்து வைத்து ஒட்டுவதுதான் வழி. இந்த நெளிந்து தெரிவதற்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. உருத்திரிபு என்று இயற்பியல் பக்கம் போகலாம், ஆனால் வேலை சொல்லிப் பார்க்கும் சோதனையில் அது தோற்கிறது. கானல் என்று ஒன்று மனதில் ஓடுகிறது, "விதானம் கானலடிக்கிறது" என்று. அண்ணா என்ன சொல்கிறார் பார்ப்போம்.